பெட்டிக்குள் போகாத நிரல்

எம்பெடட் லினக்ஸ் வேலை செய்யும் நிறுவனங்களின் திட்ட மேலாளர்களுக்கும் டீம் லீட்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் டீமில் ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், வந்தது. பதினோரு வரி, சி நிரல், லினக்ஸின் மையமான கெர்னலின் மூல நிரல் மரத்தில், ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில். பேட்ச் வந்ததற்கும் ஒப்புதல் விழுந்ததற்கும் நடுவே இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒப்புதல் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு, "படிச்சியாப்பா?" என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "இது பெட்டிக்குள்ள போகாதுண்ணா. பில்ட் மெஷின்லதான் ஓடும்" என்றார். பெட்டி என்றால் வாடிக்கையாளரிடம் போகும் சாதனம், பில்ட் மெஷின் என்றால் அதற்கான மென்பொருளைக் கட்டும் கணினி.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வயதில் நானும் அதையேதான் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் லீட். அவருக்கு அவருடைய லீட் சொல்லியிருப்பார். பூர்வீகச் சொத்து மாதிரி கைமாறி வரும் வாக்கியம் அது. யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் உங்கள் ஸ்ப்ரின்ட் அட்டவணையில் அதைப் பார்க்கலாம். டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) மாற்றம் என்றால் ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்கு, அரை நாள் போட்டிருக்கும். பில்ட் கருவியில் மாற்றம் என்றால் ஒன்றும் போட்டிருக்காது. அப்படியொரு வேலை இருப்பதே அட்டவணைக்குத் தெரியாது.

அதனால்தான் மடலை உங்கள் பெயருக்கு எழுதுகிறேன். கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: பில்ட் கருவிகளின் சி நிரலைப் படிப்பதையும் வேலையாகக் கணக்கில் எடுங்கள், அதற்கு மணிநேரம் ஒதுக்குங்கள். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள்.

கெர்னல் பக்கம் வராத மேலாளர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். புதிதாக இறக்கிய லினக்ஸ் கெர்னல் மரத்தில் மேக் (கட்டும் வேலையை நடத்தும் கட்டளை) என்று அடித்தவுடன் திரையில் முதலில் வரும் வரிகளில் ஒன்று, ஃபிக்ஸ்டெப் என்ற கருவி கம்பைல் ஆகிறது (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது) என்பது. பெட்டிக்குள் இருக்கும் போர்டில் ஓடப்போகும் நிரலில் ஒரு வரிகூட அதுவரை கம்பைல் ஆகியிருக்காது. முதலில் கருவி, அப்புறம்தான் கெர்னல். ஃபிக்ஸ்டெப், தேர்வு மெனுவைக் காட்டும் கேகான்ஃபிக், மாட்யூல்களை (கெர்னலோடு தனியாகச் சேரும் துண்டுகளை) சரிபார்க்கும் மோட்போஸ்ட், சிம்பல் (ஃபங்ஷன்கள், மாறிகளின் பெயர்) அட்டவணை தயாரிக்கும் கால்சிம்ஸ் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எல்லாம் சி-யில் எழுதியவை. டெவலப்பரின் மேசையிலோ பில்ட் சர்வரிலோ ஓடுகிறவை. ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகாது. தம்பி சொன்ன தகவல் நூற்றுக்கு நூறு சரி.

இப்போது ஃபிக்ஸ்டெப் செய்யும் வேலையைப் பாருங்கள். கெர்னலில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் கான்ஃபிக் தேர்வுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நீங்கள் தேர்ந்தவை எல்லாம் சேர்ந்து ஆட்டோகான்ஃப் என்ற ஒரே ஹெடர் கோப்பில் எழுதப்படும்; எல்லா சி கோப்பும் அதை உள்ளே இழுக்கும். மேக்கைப் பொறுத்தவரை அந்த ஹெடர் மாறினால் அதைச் சார்ந்த எல்லாமே பழசு. ஒரே ஒரு தேர்வை மாற்றினாலும் முழுக் கெர்னலையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் ஃபிக்ஸ்டெப். எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று கம்பைலர் எழுதிக்கொடுக்கும் சார்புப் பட்டியலை வாங்கி, அதிலிருந்து ஆட்டோகான்ஃபை வெட்டி எறிகிறது. பிறகு ஒவ்வொரு மூலக் கோப்பையும் ஹெடரையும் எழுத்து எழுத்தாகத் துழாவி, கான்ஃபிக் என்று தொடங்கும் பெயர்களைப் பொறுக்கி, அந்தந்தத் தேர்வுக்கென்று வைத்திருக்கும் காலிக் கோப்பைச் சார்பாகச் சேர்க்கிறது. இதில் பெரிய மேதாவித்தனம் ஏதும் இல்லை. கமென்ட்டுக்குள் அந்தப் பெயர் இருந்தாலும் பொறுக்கிக்கொள்ளும். பொறுக்கட்டும், ஒரு கோப்பு தேவையில்லாமல் இன்னொரு முறை கம்பைல் ஆகும், நாலு விநாடி நஷ்டம்.

ஒரு பெயரைப் பொறுக்காமல் விட்டுவிட்டால்தான் வம்பு. நீங்கள் தேர்வை மாற்றுவீர்கள், மேக் ஓடும், அந்தக் கோப்பை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். பழைய தேர்வில் கம்பைல் ஆன ஆப்ஜெக்ட்டும் (கம்பைலர் தரும் கோப்பு) புதிய தேர்வில் கம்பைல் ஆனவையும் ஒன்றாக லிங்க் ஆகும். எச்சரிக்கையும் வராது, பிழையும் வராது. அந்தத் தேர்வைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்குள்) ஓர் உறுப்பு கூடுகிறது என்று வையுங்கள். கெர்னலின் ஒரு பகுதிக்கு அந்த ஸ்ட்ரக்ட் ஒரு நீளம், மறு பகுதிக்கு வேறு நீளம். போர்டு பூட் ஆகும். என்றோ ஒரு நாள் எங்கேயோ விழும். டிரைவர் எழுதியவர் மூன்று வாரம் தன் நிரலைத் துருவிக்கொண்டிருப்பார், அதில் தப்பே இருக்காது. கடைசியில் யாராவது பழையதையெல்லாம் அழிக்கும் மேக் கிளீன் அடித்துக் கட்டுவார்கள், பிழை மறையும். "ஏதோ பில்ட் கோளாறு" என்று டிக்கெட்டை மூடுவார்கள். அந்த மூன்று சொல்லோடு மூடப்பட்ட டிக்கெட்கள் உங்களிடமும் இருக்கும். ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெட்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத வேண்டிய இமேஜுக்கு (முழு மென்பொருள் கோப்புக்கு) முன்னால் தலைப்பகுதி ஒட்டும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. முந்நூறு வரி சி. அந்தத் தலைப்பகுதியில் பதிப்பின் பெயருக்குப் பதினாறு பைட் இடம். அதில் எழுத்துத் தொடரை நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி ஃபங்ஷன் இருந்த இடத்தில், அளவு சொல்லி நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி போட்டு ஒரு பேட்ச் வந்தது. "பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றம்" என்று தலைப்பு. பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரித் தெரிந்தது. ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

ஸ்ட்ர்என்காப்பி நாம் நினைக்கிற வேலைக்காகப் பிறந்ததே இல்லை. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் என்று அளவு கட்டிய இடம் இருந்தது. அந்த மாதிரி இடங்களை நிரப்ப வந்த ஃபங்ஷன் அது. பெயர் சின்னதாக இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும். சரியாக இடம் நிறைந்துவிட்டால் தொடர் இங்கே முடிகிறது என்று காட்டும் முடிவுப் பூஜ்யத்தை வைக்காமலே நின்றுவிடும். எங்கள் பதிப்புப் பெயர்கள் பதினான்கு, பதினைந்து எழுத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றரை ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒன்பதிலிருந்து பத்துக்குப் போன ஒரு பதிப்பு எண்ணால் ஓர் எழுத்து கூடியது. பதினாறு. பெட்டியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் பெயரைப் படிக்கப் போய், முடிவு எங்கே என்று தெரியாமல் அடுத்த பகுதிக்குள்ளும் நடந்துபோய், பதிப்பு பொருந்தவில்லை என்று தீர்மானித்து, பழைய இமேஜுக்கே திரும்பியது. அப்டேட் அனுப்பிய அத்தனை பெட்டிகளும் ஒழுங்காகப் பழைய பதிப்பில் எழுந்து நின்றன. எங்களுக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு, வாடிக்கையாளரிடம் கொஞ்சம் முகம், எல்லாம் போனது. அந்தக் கருவியும் பெட்டிக்குள் போகாததுதான். அது எழுதிய பைட்கள் போயின.

(இந்தச் சிக்கலுக்கு ஓப்பன்பிஎஸ்டி இயங்குதள ஆட்கள் 1998லேயே ஸ்ட்ர்எல்காப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். லினக்ஸில் பரவலாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி அதை ஏற்றுக்கொண்டது 2023இல் வந்த 2.38 பதிப்பில். இருபத்தைந்து ஆண்டு. நம் அலுவலகங்களில் மட்டும்தான் எல்லாம் தாமதம் என்று நினைக்க வேண்டாம்.)

நம் ஊர்க் கதை மட்டும் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். மறுபடி ஃபிக்ஸ்டெப்பையே எடுத்துக்கொள்வோம். பில்ட் ஓடும்போது டிஸ்க் நிறைந்துபோனால் என்ன ஆகும்? இடம் இல்லை என்று பிழை வரும். நீங்கள் எதையாவது அழித்து இடம் பண்ணிவிட்டு மறுபடி மேக் அடிப்பீர்கள். இப்போது சம்பந்தமே இல்லாமல், வைல்ட்கார்ட் என்ற மேக் ஃபங்ஷனுக்கு மூடும் அடைப்புக்குறி இல்லை என்று ஒரு பிழை வரும். எந்த மேக்ஃபைலைத் திறந்து பார்த்தாலும் அடைப்புக்குறி எல்லாம் ஒழுங்காக இருக்கும். நடந்தது இதுதான்: டிஸ்க் நிறைந்த நேரத்தில் ஃபிக்ஸ்டெப் சார்புப் பட்டியலைப் பாதி எழுதியிருக்கிறது. எழுதும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப் தோற்றுப்போனதை அது கவனிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அரைகுறைக் கோப்பு டிஸ்கிலேயே தங்கிவிட்டது. அடுத்த ஓட்டத்தில் மேக் அதை வாசித்து மூக்குடைந்தது. கெர்னலின் பில்ட் பகுதியைப் பல ஆண்டுகள் பராமரித்த மசாஹிரோ யமடா 2018இல் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். அச்சிடும் ஒவ்வொரு இடத்திலும் அச்சு விழுந்ததா என்று பார்க்கும்படி மாற்றினார்.

உலகத்தில் லினக்ஸ் கெர்னல் கட்டும் ஒவ்வொருவரின் கணினியிலும், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முறை ஓடும் கருவி. பிரின்ட்எஃபின் விடையைப் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆண்டுகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

இதனால் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பில்ட் கருவியின் ரிவ்யூவில் முதலில் நான் பார்ப்பது, எழுதி முடித்த கோப்பு முழுதாக எழுதப்பட்டதா என்று யாராவது கேட்கிறார்களா என்பதை. கோப்பை மூடும் எஃப்குளோஸ் என்ன சொல்லிற்று? நடுவில் நிறுத்த கன்ட்ரோல்-சி அடித்தால் பாதிக் கோப்பு தங்குமா? தற்காலிகப் பெயரில் எழுதி, முடித்த பிறகு பெயர் மாற்றுகிறார்களா? மேக்கை எட்டு வேலையாகப் பிரித்து ஓட்டினால் இரண்டு பேர் ஒரே தற்காலிகப் பெயரில் எழுதுவார்களா? மெமரி லீக் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கல்லூரியில் மெமரி வாங்க மாலாக் போட்டால் திருப்பித் தர ஃப்ரீ போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரிவ்யூ என்று உட்கார்ந்ததும் கண் முதலில் அதைத்தான் தேடுகிறது. ஆனால் அரை விநாடி ஓடிச் செத்துப்போகும் கருவி அது. செத்த மறுகணம் இயங்குதளம் எல்லா மெமரியையும் வாங்கிக்கொள்ளும். ஃப்ரீ இல்லை என்று நாலு கமென்ட் எழுதிவிட்டு எஃப்குளோஸை விட்டுவிடும் ரிவ்யூவை நிறையப் பார்த்துவிட்டேன். டிரைவர் ரிவ்யூவில் வளர்ந்த கண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று, எந்த மெஷினில் ஓடுகிறது என்பது. கம்பைலர் இன்டெல் கணினியில் ஓடும், கெர்னல் ஆர்ம் போர்டில் ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். கருவி எழுதும்போது மறந்துபோகும். மோட்போஸ்ட் வேறு ஒரு கட்டமைப்புக்காகக் கட்டிய ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து படிக்கிறது. அந்தக் கட்டமைப்பில் பைட் வரிசை தலைகீழாக இருக்கலாம். படிக்கும் ஒவ்வோர் எண்ணையும் திருப்ப வேண்டுமா என்று கேட்டுத்தான் படிக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் உங்கள் போர்டில் எதுவும் தெரியாது, யாரோ பவர்பிசி வைத்திருப்பவருக்குத்தான் உடையும். லாங் என்ற எண் வகை உங்கள் கணினியில் எட்டு பைட், 32 பிட் போர்டில் நாலு பைட். ஒரு ஸ்ட்ரக்ட்டின் உறுப்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கணினியில் ஓடும் கருவிக்கு எப்படித் தெரியும்? கெர்னல்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன சி கோப்பைப் போர்டுக்கான கம்பைலரிலேயே கம்பைல் செய்வார்கள், ஆனால் அசெம்பிளியோடு (இயந்திர மொழிக்கு முந்தின படியோடு) நிறுத்திவிடுவார்கள். அதை ஓட்டவே மாட்டார்கள். அந்த அசெம்பிளி வாசகத்திலிருந்து எண்களை மட்டும் உருவி, ஒரு ஹெடராக எழுதிக் கருவிக்குக் கொடுப்பார்கள். ஓட்டாமலே விடை வாங்கும் இந்த வித்தையை முதலில் பார்த்தபோது எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஓர் எழுத்தை வைக்கும் சார் என்ற வகைகூடச் சதி செய்யும். இன்டெல்லில் லினக்ஸ் கம்பைலர்கள் அதைக் குறியுள்ள எண்ணாக எடுத்துக்கொள்ளும், ஆர்மில் குறியில்லாததாக. கோப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சி கொடுக்கும் விடையைச் சாரில் வாங்கி, கோப்பு முடிந்ததா என்று மைனஸ் ஒன்றோடு ஒப்பிட்டால், உங்கள் மேசையில் வேலை செய்யும். ஆர்ம் சிப் உள்ள ராஸ்பெரி பையில் கட்டினால் கோப்பு முடியவே முடியாது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 பதிப்பு முதல் கெர்னல் எல்லாக் கட்டமைப்பிலும் சாரைக் குறியில்லாததாகவே வைத்துத் தன்னைக் கம்பைல் செய்துகொள்கிறது. நீங்கள் சொந்தமாக எழுதிய கருவிக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது.

சரி, அந்தப் பதினோரு வரிக்கு வருகிறேன். அது ஒரு வரிசைப்படுத்தும் வேலை. சிம்பல்களை முகவரிப்படி அடுக்க, சி நூலகத்தின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான கியூசார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷன். அதில் இரண்டு முகவரியையும் கழித்து, விடையை இன்ட்டாகத் திருப்பியிருந்தார்கள். அழகான ஒற்றை வரி. முகவரியோ 64 பிட், இன்ட் 32 பிட். இரண்டு முகவரிக்கும் நடுவே 2 ஜிபிக்கு மேல் போனால் குறி தலைகீழாகலாம். சரியாக 4 ஜிபி என்றால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடும். இதை விடுங்கள், கண்ணுக்குத் தெரியும் தப்பு. சமமான இரண்டு முகவரி வந்தால் எது முன்னால்? அதைப் பற்றி அந்தப் பேட்ச் யோசிக்கவே இல்லை. கியூசார்ட் சமமானவற்றின் வரிசையைக் காப்பாற்றும் என்று சி தரநிலை எங்கேயும் சொல்லவில்லை. ஜிலிப்சியில் உள்ளே மெர்ஜ் சார்ட் என்ற முறை இருந்த புண்ணியத்தால் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னருக்குள் அதே கருவியை ஓட்டினால் அங்கே இருப்பது மஸ்ல் என்ற வேறு சி நூலகம், அதன் கியூசார்ட் வேறு முறை. இரண்டு பில்ட் சர்வர், ஒரே மூலம், இரண்டு விதமான இமேஜ்.

கெர்னலின் கால்சிம்ஸ் கருவியில் இதே இடத்தைப் போய்ப் பாருங்கள். முகவரி, பிறகு வேறு சில சோதனைகள், எல்லாமே சமம் என்றால் கடைசியாக, ஆரம்பத்தில் எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசை. மற்ற சிம்பல்கள் கலையாமல் இருக்கட்டும் என்று ஒரு கமென்ட்டும் இருக்கும். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு இரவு தூக்கத்தை இழந்ததன் தடம் அந்தக் கடைசி வரி என்று எனக்குத் தோன்றும். படிக்க நேரம் இருப்பவருக்குத்தான் அது கண்ணில் படும்.

படிக்க நேரம் இல்லாதவர் எதிர்ப்பக்கமும் தப்பு செய்வார். ஃபிக்ஸ்டெப்பின் பழைய பதிப்புகளில் ஒரு கமென்ட் இருந்தது. கான்ஃபிக் பெயருக்கு முன்னால் வேறு எழுத்துகள் ஒட்டியிருந்தாலும் கருவி அதையும் பொறுக்கும். இது பிழை மாதிரித் தெரியும், சரிசெய்வதும் கடினமில்லை, ஆனால் தயவுசெய்து சரிசெய்யாதீர்கள் என்று கெஞ்சியிருந்தார்கள். யூசர்மோட் லினக்ஸ் என்ற கட்டமைப்பு அதை நம்பி இருந்தது காரணம். அந்தத் தேவை பிற்காலத்தில் போய், கமென்ட்டும் போனது. அது இருந்த காலத்தில், கமென்ட்டைப் படிக்காமல் ஒரு சுறுசுறுப்பான ஆள் "பிழைதிருத்தம்" என்று இரண்டு வரி அனுப்பி, இன்னொரு சுறுசுறுப்பான ஆள் இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்யாதவை. வேண்டுமென்றே செய்பவர்களும் இந்தப் பக்கத்து வாசலைத்தான் தேடி வருகிறார்கள்.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் விவகாரம் உங்களுக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏன் 0.3 விநாடியிலிருந்து 0.8 விநாடிக்குப் போனது என்று நோண்டப் போய், அந்தச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதைக் கண்டுபிடித்தார். செய்தித்தாளில் வராத பகுதிதான் எனக்கு முக்கியம். அந்தப் பின்வாசல் நூலகத்தின் சி மூலத்தில் வெளிப்படையாக இல்லை. சோதனைக்கென்று வைத்த இரண்டு சுருக்கப்பட்ட கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்து உள்ளே சேர்த்தது பில்ட் ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட்டின் வினை செய்யும் துண்டு எல்லோரும் பார்க்கும் கிட் மூல மரத்தில்கூட இல்லை, வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தது. டெபியன், ஆர்பிஎம் என்ற லினக்ஸ் பொதிகள் கட்டும் சூழல்தானா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது.

அதே ஆள், ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர், சிமேக் என்ற பில்ட் கருவிக்கான கோப்பு ஒன்றில் செய்த இன்னொரு காரியம் உண்டு. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இந்தக் கணினியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பில்ட் நேரத்தில் ஒரு குட்டி சி நிரலைக் கம்பைல் செய்து பார்ப்பார்கள். கம்பைல் ஆனால் வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி நிரலில் ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி. ஒரே ஒரு புள்ளி. சி-யில் அது இலக்கணப் பிழை, ஆகவே எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகவே எந்தக் கணினியிலும் அந்த வசதி "இல்லை". பில்ட் வெற்றி, எச்சரிக்கை இல்லை, பாதுகாப்பு சத்தமில்லாமல் அணைந்துவிட்டது. பின்வாசல் அம்பலமான பிறகுதான் மூலப் பராமரிப்பாளர் லாஸ்ஸே காலின் அந்தப் புள்ளியை நீக்கினார்.

திரையில் தூசி என்று நினைத்துத் துடைக்கத் தோன்றும் அளவு புள்ளி. இரண்டு நிமிட ரிவ்யூவில் அது அகப்படுமா?

லாஸ்ஸே காலினை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. சம்பளம் இல்லாமல், பல ஆண்டுகள், ஏறக்குறைய ஒற்றை ஆளாக அந்த நூலகத்தைச் சுமந்தவர் அவர். தனக்கு முன்போல முடியவில்லை என்று 2022இலேயே வெளிப்படையாகச் சொன்னார். நேரமில்லாத ஒருவரிடம் உதவுகிறேன் என்று வந்த கையைத்தான் அவர் பிடித்தார். உங்கள் டீமில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். நேரம் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

2003 நவம்பர் சம்பவம் பலருக்கு மறந்திருக்கும். கெர்னல் மூலத்துக்கு சிவிஎஸ் என்ற பதிப்புக் காப்பகத்தில் இருந்த நகலில் யாரோ இரண்டு வரி நுழைத்தார்கள். வெயிட்4 என்ற சிஸ்டம் காலில் (நிரல்கள் கெர்னலிடம் கேட்கும் சேவையில்) ஒரு பிழைச் சோதனை மாதிரி இருந்தது. ஓடும் நிரலின் பயனர் எண் பூஜ்யமா என்று கேட்பதுபோல் எழுதியிருந்தார்கள், ஆனால் == இருக்க வேண்டிய இடத்தில் = இருந்தது. கேள்வி கேட்காமல் பூஜ்யத்தை உள்ளேயே வைத்துவிடும். பூஜ்யம் என்றால் ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். மூலம் இருந்த பிட்கீப்பர் காப்பகத்தோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதால்தான் பிடிபட்டது. இன்னும் பின்னால் போனால், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். தன் டூரிங் விருது உரையில் அவர் காட்டியது இதைவிட மோசம்: கம்பைலருக்கே ஒரு திருட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, கம்பைலரின் மூலத்திலிருந்து அதன் தடத்தை அழித்துவிடலாம், பிறகு எந்த மூலத்தைப் படித்தாலும் ஒன்றும் தெரியாது. உரை அச்சில் வந்தது 1984இல். நாம் இன்னும் "பெட்டிக்குள் போகாது" என்கிறோம்.

இனி வேலைக்கு வருவோம். பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. பில்ட் கருவிகளின் கோப்புறையை யாருடைய பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் அது யாருடையதும் இல்லை. அதில் வரும் பேட்ச்சுக்கு இரண்டு பேர் படிக்க வேண்டும் என்று வையுங்கள், அந்த இரண்டு பேரில் ஒருவராவது அந்தக் கருவியை உடைத்துப் பார்த்தவராக இருக்கட்டும். ரிவ்யூ செய்தவர் என்று கெர்னலில் பெயர் போட்டால் அதற்கு எழுதிவைத்த பொருள் உண்டு: நான் இதைத் தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்தேன், என் கேள்விகளுக்குத் திருப்தியான பதில் வந்தது என்று உறுதி சொல்வது. நம் கருவிகளில் அது ஒரு பொத்தானாகிவிட்டது. படித்தவர் எதைச் சோதித்தார் என்று ஒரு வரி எழுதச் சொன்னாலே பாதிப் பேர் பொத்தானை அழுத்துவதற்கு முன் நிதானிப்பார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

மெஷினுக்கு விடக்கூடிய வேலையை மெஷினுக்கு விடுங்கள். ஹோஸ்ட் கருவிகளை (பில்ட் மெஷினில் ஓடுபவற்றை) மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து வாரம் ஒரு முறை முழு பில்ட் ஓட்டலாம். மேக் கட்டளையிலேயே அதற்கான கொடிகளை (ஃபிளாக்) கொடுக்கலாம். லீக் சோதனையை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நான் முன்னே சொன்ன காரணத்தால் முதல் நிமிடத்திலேயே எல்லாம் நின்றுவிடும். ஒரே மூலத்தை இரண்டு வேறு கோப்புறையில், முடிந்தால் இரண்டு வேறு லினக்ஸ் டிஸ்ட்ரோவில் கட்டி, இமேஜ்கள் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று பாருங்கள். தேதி முத்திரையை நிலையாக வைக்க மறக்காதீர்கள். முதல் முறை நிச்சயம் ஒத்துப்போகாது. ஏன் என்று தேடிப் போகும் அந்த இரண்டு நாள்தான் உங்கள் ஆட்களுக்குக் கிடைக்கும் சிறந்த பயிற்சி, வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு ஸ்லைடு போட வேண்டாம்.

அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில், இந்த ஆண்டு எத்தனை ஃபீச்சர் முடித்தாய் என்று கேட்கும்போது, யாருடைய பேட்ச்சைத் தடுத்தாய், ஏன் என்றும் கேளுங்கள். தடுத்ததால் நடக்காமல் போன விபத்துக்கு டிக்கெட் எண் கிடையாது. அதனால் அது எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

தம்பியும் நானும் அந்தப் பதினோரு வரியை ஒரு மாலை உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். நாற்பது நிமிடம் ஆனது. கழித்தல் விஷயத்தை நான் சொன்னேன். சமமான முகவரி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்டது அவர். இப்போது அந்தப் பேட்ச்சின் மூன்றாவது வடிவம் வந்து காத்திருக்கிறது. வியாழக்கிழமை பிற்பகல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றரை மணிநேரம் வேண்டும் என்று எங்கள் மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் குடியிருக்கும் ஒருவன்